ஷேல் லீஸுக்குப் பங்காளி சேர்ப்பது: ஏக்கர் கணக்கும் கேரி கணக்கும்

ஷேல் என்ற இறுகிய பாறையடுக்கிலிருந்து கேஸ் எடுக்க நிலத்தடி உரிமையை லீஸுக்கு வைத்திருப்பவர், அதில் ஒரு பங்கை விற்றுப் பங்காளி சேர்ப்பது உண்டு. புத்தூர், நகரி பக்கத்திலிருந்து அமெரிக்காவின் பென்சில்வேனியா லீஸ் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலைக்கு வருகிறவர்கள் முதலில் நம்ம ஊர் வழக்கத்தை மறக்க வேண்டும். இங்கே நிலப் பாஸ்புக் யார் பேரில் இருந்தாலும் பெட்ரோலியம் எடுக்க உரிமம் தருவது அரசு. அங்கே மேல்நிலம் ஒருவருக்கு, அடியிலுள்ள கனிமம் இன்னொருவருக்கு என்று பிரிந்து கிடக்கும். ஈ.சி. எடுத்துப் பார்ப்பதுபோல பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம், ஆனால் பார்க்க வேண்டியது மேல்நிலத்துக்கு ஒன்று, கனிமத்துக்கு ஒன்று என இரண்டு உரிமைச் சங்கிலி.

விற்கிறவர் 640 ஏக்கர் என்பார். லீஸ் கொடுத்தவருக்குக் கனிமத்தில் பாதிதான் என்றால் நிகர ஏக்கர் 320. கனிமக்காரருக்குத் தர வேண்டிய ராயல்டி 20 சதவீதம் என்றால் வருமானத்தில் லீஸ் வைத்திருப்பவர் கைக்கு வருவது 80 சதவீதம். பென்சில்வேனியாவில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக ராயல்டி எழுதினால் அந்த லீஸ் சட்டப்படி செல்லாது. அதனால் பழைய லீஸ்களில் இந்த ஒரு வரியைத் தனியாகப் பார்த்துவிடுவோம்.

பேரம் பெரும்பாலும் உடைவது ஆழத்தில். பழைய செங்குத்துக் கிணறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், லீஸ் உயிரோடுதான் இருக்கிறது என்று விற்பவர் நிம்மதியாக இருப்பார். பத்திரத்தைப் பிரித்தால், கிணறு எட்டிய அடுக்குக்குக் கீழே உள்ள உரிமை திரும்பிப் போய்விடும் என்று ஒரு ஷரத்து இருக்கும். ஷேல் இருப்பதோ அதற்கும் கீழே. ஆக, ஒவ்வொரு லீஸுக்கும் முடிவுத் தேதி, ஆழம், நீட்டிப்பு உரிமை என மூன்று கட்டம் போட்ட ஷீட் தயாராகாமல் டேட்டா ரூமை, அதாவது வாங்குகிறவர் பார்க்க வைக்கும் ஆவணத் தொகுப்பைத் திறக்கக் கூடாது. வாங்குகிறவர் ஆட்கள் முதல் நாளே அதைத்தான் கேட்பார்கள். நிலத்தடி அடுக்கைக் காட்டும் சைஸ்மிக் படமெல்லாம் அப்புறம்தான்.

விலைக்கு வருவோம். 2010-இல் ரிலையன்ஸ், அட்லஸ் எனர்ஜி என்ற அமெரிக்க கம்பெனியின் மார்செல்லஸ் ஷேல் பரப்பில் 40 சதவீதம் வாங்கியது. மொத்தப் பரப்பு சுமார் 3 லட்சம் நிகர ஏக்கர், அதில் ரிலையன்ஸ் பங்கு 1.2 லட்சம். தொகை 170 கோடி டாலர், அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 14,000 டாலர். செய்தியில் வந்தது இந்தக் கணக்குதான். உடனே கொடுத்த ரொக்கம் 33.9 கோடி. அதை மட்டும் வகுத்தால் ஏக்கருக்கு 2,825. மீதி 136 கோடி கேரி, அதாவது அட்லஸ் கட்ட வேண்டிய துளையிடும் செலவில் 75 சதவீதத்தை ரிலையன்ஸ் சுமப்பது.

ஒரு கிணறு 80 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 சதவீதக்காரர் பங்கு 48 லட்சம், அதில் 36 லட்சத்தைப் பங்காளி கட்டுவார். அறுபது சதவீதக் கிணறு கைச்செலவு 12 லட்சத்தில் முடிகிறது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 136 கோடி தீர இப்படி 378 கிணறு தோண்ட வேண்டும். தோண்டினால்தான் கேரி, நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். 2012 ஏப்ரலில் அமெரிக்க கேஸ் விலைக்கு அளவுகோலான ஹென்றி ஹப் விலை 2 டாலருக்குக் கீழே போனபோது இந்த அமைப்பில் இருந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் இடி. துளைத்தால் கேஸை அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டும். துளைக்காவிட்டால் லீஸ் காலாவதி.

அதனால் கேரிக்கு உச்ச வரம்பு போட்டால் மட்டும் போதாது. கடைசித் தேதி, அதற்குள் செலவாகாத தொகை யாருக்கு, விலை எவ்வளவு இறங்கினால் ரிக்கை (துளையிடும் எந்திரத்தை) குறைக்கலாம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். விற்பவருக்கு எங்கள் யோசனை: ரொக்கத்தைக் கூட்டிக் கேரியைக் குறைத்துக்கொள்ளுங்கள், மொத்தத் தொகை சிறிதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

பங்காளி மாறினால் என்ன என்பதும் முக்கியம். ரிலையன்ஸ் கையெழுத்துப் போட்ட மறு வருஷமே அட்லஸை செவ்ரான் வாங்கிவிட்டது. கிணற்றை நடத்தும் ஆபரேட்டர் கம்பெனியே கைமாறினால் மற்றவர் ஆபரேட்டரை மாற்றக் கேட்கலாமா, வெளியேறலாமா என்று ஷரத்து இல்லையென்றால் வந்தவரோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். அந்தப் பங்கை ரிலையன்ஸ் 2021-இல் விற்றபோது கிடைத்தது 25 கோடி டாலர் ரொக்கமும் கொஞ்சம் வாரண்டும் (பின்னால் குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை).

கையெழுத்துக்கும் பணம் கைமாறுவதற்கும் நடுவே, உரிமைப் பத்திரத்தில் குறை இருக்கிறது என்று வாங்குகிறவரிடமிருந்து டைட்டில் குறை நோட்டீஸ் வரும். ஒரு குறை கணக்கில் சேரக் குறைந்தபட்சத் தொகையும், எல்லாம் சேர்ந்து எவ்வளவைத் தாண்டினால்தான் விலை குறையும் என்ற கழிவுத் தொகையும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஐந்து ஏக்கர் வாரிசுத் தகராறுக்கெல்லாம் விலையைக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.