பெரியப்பாவின் சொத்தும் பாரிஸ் வக்கீலும்

பெரியப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்து, ஓய்வுக்குப் பிறகு பாரிஸை ஒட்டிய சார்செலிலேயே தங்கிவிட்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2022 அக்டோபரில் இறந்தார். அடுத்த மாதமே, அங்கே சொத்துப் பத்திரங்களையும் வாரிசு விவகாரங்களையும் கவனிக்கும் நொத்தேர் அலுவலகத்திலிருந்து புதுச்சேரி லாஸ்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்தது. அத்தையும், காலமாகிவிட்ட அப்பாவின் இடத்தில் நானும் வாரிசுகள். உறவுக்கான சான்றுகள் வேண்டும், பவர் பத்திரம் வேண்டும், இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வாரிசு வரிக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு சட்டம் சொல்ல ஆளா இல்லை என்றுதான் நினைத்தேன். குடும்ப வக்கீல் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நம்ம நாட்டு வாரிசுச் சட்டம் கேள், சொல்றேன். பிரான்சில் இருக்கிற சொத்துக்கு நான் வாய் திறக்கக் கூடாது" என்றார். அந்த நேர்மைக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அடுத்துப் பார்த்த ஆலோசகர் ஒருவர் அப்படியில்லை. 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு வரி 55 சதவீதம், மறுபேச்சே இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார். என் பங்கு ஏறக்குறைய 60,000 யூரோ. அவர் கணக்குப்படி, சிறு விலக்குத் தொகை போக, 28,600 யூரோ வரிக்கே போய்விடும்.

பாரிஸில் இருக்கும் நண்பன் மூலம் அங்கே ஒரு வக்கீலிடம் வீடியோவில் பேசினேன். அவர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "உங்கள் அத்தை உயிரோடு இருக்கிறாரா?" ஆமாம் என்றேன். அப்படியானால் நீங்கள் அப்பாவுக்குப் பதிலாக நின்று வாங்குகிறீர்கள், உடன்பிறந்தவருக்கான வரிதான் உங்களுக்கும் என்றார். முதல் 15,932 யூரோவுக்கு வரி கிடையாது. அதற்கு மேல் வரும் முதல் 24,430 யூரோவுக்கு 35 சதவீதம், மீதிக்கு 45. கூட்டிப் பார்த்தால் சுமார் 17,400 யூரோ. ஒரு கேள்வியில் 11,000 யூரோ தப்பியது. அத்தைக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்று அன்று மணக்குள விநாயகருக்குத் தேங்காய் உடைத்தேன்.

காகித வேலை தனிக் கதை. பெரியப்பாவின் பிரெஞ்சு ஆவணங்களில் தாத்தா பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. அப்பாவுக்கோ அது வெறும் ஒற்றை இனிஷியல். இரண்டும் ஒரே குடும்பம் என்று காட்ட, அப்பா பிறந்த காலத்துப் பிரெஞ்சுப் பதிவேட்டிலிருந்தே நகல் எடுக்க வேண்டியிருந்தது. பவர் பத்திரத்துக்கு முதலில் நோட்டரி கையெழுத்து, பிறகு அரசின் சான்றொப்பம், கடைசியில் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது ஆவணம் வெளிநாட்டிலும் செல்லும் என்பதற்கான முத்திரை. அந்த முத்திரை விழுந்த பிறகுதான் மொழிபெயர்ப்புக்குக் கொடுக்க வேண்டும். நான் முன்னாலேயே கொடுத்துவிட்டதால், முத்திரையையும் சேர்த்து மறுபடி மொழிபெயர்க்க வைத்தேன். 12 நாள் போயிற்று.

இந்த அலைச்சலுக்கு நடுவில்தான், 2023 மார்ச் 10 அன்று, வெளிநாட்டு வக்கீல்களும் சட்ட நிறுவனங்களும் இந்தியாவில் பதிவு செய்துகொள்ளலாம் என்று இந்திய பார் கவுன்சில் விதிகளை வெளியிட்டது. அதுவரை கதவு மூடித்தான் கிடந்தது. 2010ல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கில் 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: எப்போதாவது வந்து தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம், இங்கே அலுவலகம் வைத்துத் தொழில் செய்யக் கூடாது. சரி, இனி ஊரிலேயே ஒருவர் உட்காருவார் என்று ஆசையோடு விதிகளைப் படித்தேன். பதிவுக் கட்டணம் நிறுவனத்துக்கு 50,000 டாலர், தனி ஆளுக்கு 25,000 டாலர். நீதிமன்றம் ஏற முடியாது. சொத்துப் பத்திரம், உரிமை ஆய்வு வேலைகளும் கூடாது. கம்பெனி இணைப்பு, ஒப்பந்தம், பன்னாட்டு நடுவர் மன்றம் போன்றவற்றை நினைத்து எழுதியிருக்கிறார்கள். 2025 மே மாதம் திருத்தியபோதும் நீதிமன்றக் கதவு திறக்கவில்லை.

பெரிய நிறுவனங்கள் வந்தால் எங்களை விழுங்கிவிடும் என்று குடும்ப வக்கீல் பயப்பட்டார். அந்தப் பயம் நியாயம்தான், நீதிமன்ற வேலை உள்ளூர் வக்கீல்களிடமே இருக்கட்டும். ஆனால் அவர் எனக்கு இல்லையென்று திருப்பி அனுப்பிய வேலை இருக்கிறதே, அதை யாரிடமிருந்து யார் பறிக்க முடியும்? 1962ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இந்த ஊரில் எத்தனை! இங்கே வெளிநாட்டுச் சட்டம் பெரிய கம்பெனிகளின் சமாசாரம் இல்லை, அலமாரியில் கிடக்கும் கடிதம். 25,000 டாலர் கட்டிவிட்டு எந்த வக்கீல் அந்தக் கடிதத்தைப் படித்துச் சொல்ல வருவார்? தன் நாட்டுச் சட்டத்தை மட்டும் விளக்கிச் சொல்லும் தனி வக்கீலுக்குக் குறைந்த கட்டணத்தில் ஒரு வழி வைத்திருக்கலாம்.

கணக்கு கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னால் போய்ச் சேர்ந்தது. அப்புறம் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இதே மாதிரிக் கடிதத்தோடு வந்தார்கள். பாரிஸ் வக்கீலின் எண்ணைக் கொடுத்துவிட்டு நேரத்தையும் சொல்லி அனுப்புகிறேன்: அங்கே காலை 9 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் மதியம் 1.30, கோடையில் 12.30.