நீலம் ஊதாவாகும் இடம்

காலண்டர் சீசனில் பிரிண்டிங் ஆபீஸில் அதிகம் காதில் விழும் புகார், ‘கம்ப்யூட்டர்ல பாத்த கலர் வரலையே’ என்பதுதான். பழி மெஷின்மேன் தலையில் விழும். தப்பு நடந்திருப்பதோ பெரும்பாலும் டிசைன் டேபிளில், அதுவும் ஒரே கிளிக்கில்.

திரை காட்டுவது ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளி. அச்சில் விழுவது சிஎம்ஒய்கே, அதாவது சியான் (வெளிர்நீலம்), மெஜந்தா (ரோஸ் கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை. போட்டோஷாப்பில் இமேஜ், மோட், சிஎம்ஒய்கே என்று போய் மாற்றினால், கலர் செட்டிங்கில் எந்த புரொஃபைல் (ஒரு மெஷினுக்கும் பேப்பருக்குமான கலர் கணக்கு) இருக்கிறதோ அதற்குத்தான் படம் மாறும். யாரும் கைவைக்காத போட்டோஷாப்பில் வழக்கமாக அங்கே இருப்பது ‘யு.எஸ். வெப் கோட்டட் ஸ்வாப்’. அமெரிக்க ரீல் பேப்பர் மெஷினுக்கான கணக்கு அது. சிவகாசியில் காலண்டர் ஓடுவது, பேப்பர் தனித்தனி ஷீட்டாகப் போகும் ஷீட்ஃபெட்டில். அதனால் படத்தைத் திறக்கும் முன்பே பேப்பர் எதுவென்று கேட்டுவிட வேண்டும். பூச்சுள்ள ஆர்ட் பேப்பருக்கு ஃபோக்ரா 39 புரொஃபைல், பூச்சில்லாத மேப்லித்தோவுக்கு ஃபோக்ரா 47. பிரஸ்ஸே தன் புரொஃபைலைக் கொடுத்தால் அதுதான் உத்தமம். எடிட் மெனுவில் ‘கன்வெர்ட் டு புரொஃபைல்’ போய், ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் (அச்சில் எட்டாத கலரை மட்டும் பக்கத்துக் கலருக்கு இழுக்கும் முறை) வைத்து, பிளாக் பாயின்ட் காம்பன்சேஷனை (படத்தின் கறுப்பை அச்சின் கறுப்போடு பொருத்துவது) டிக் செய்யலாம். அதன் மேலேயே இருக்கும் ‘அசைன் புரொஃபைல்’ வேறு வேலை. அது எண்களைத் தொடாது. அதே எண்களுக்கு வேறு கலரைக் காட்டும். அவசரத்தில் பலர் கைவைப்பது அங்கேதான்.

அதிகம் அடிவாங்குவது நீலம். திரையில் 0, 0, 255 என்று மின்னும் நீலம், ஸ்வாப் கணக்கில் சியான் 88, மெஜந்தா 77 ஆகிவிடும். இரண்டும் இவ்வளவு நெருங்கினால் பேப்பரில் விழுவது ஊதா. கருநீலப் பட்டுப்புடவை கத்தரிக்காய் நிறத்தில் வருவது இப்படித்தான். செலக்டிவ் கலரில் ப்ளூவை எடுத்து, மெஜந்தா சியானைவிட 30 புள்ளியாவது கீழே இருக்கும்படி இறக்கினால் நீலம் நீலமாக நிற்கும். ஆனால் திரையின் மினுமினுப்பு வராது, அதைத் தரும் மை அச்சில் இல்லை. மாற்றுவதற்கு முன்பே கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஒய் அழுத்தினால், அச்சில் எட்டாத இடங்கள் சாம்பலாகத் தெரியும். கஸ்டமரிடம் அப்போதே காட்டிவிடுவது நல்லது. சிஎம்ஒய்கே ஆக்கிய பிறகு திரும்ப ஆர்ஜிபிக்குப் போனாலும் போன கலர் வராது. ஒரிஜினல் ஃபைல் தனியாக இருக்கட்டும்.

ஒரே இடத்தில் விழும் நான்கு மையின் சதவீதங்களையும் கூட்டி, மை மொத்தத்தையும் பார்க்க வேண்டும். ஆர்ட் பேப்பரில் 300 முதல் 330 சதவீதம், நியூஸ்பிரின்ட்டில் 240 வரை. மீறினால் மை காயாமல் மேலே விழும் ஷீட்டின் முதுகில் ஒட்டும்.

இனி எழுத்து. ஆர்ஜிபி கறுப்பு அதே ஸ்வாப்பில் 75, 68, 67, 90 என்று, மைக்கு ஒன்றாக உள்ள நான்கு பிளேட்டிலும் ஏறும். ரிஜிஸ்டர் (நான்கு மையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி விழுவது) ஒரு நூல் நகர்ந்தாலும், காலண்டரின் பஞ்சாங்க வரியில் ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டு, ஓரத்தில் சிவப்பு நிழல் தட்டும். சின்ன எழுத்துக்கு கறுப்பு 100 மட்டும், ஓவர்பிரின்ட்டோடு (அடியிலுள்ள கலரை வெட்டாமல் அதன் மேலேயே அடிப்பது). பெரிய கறுப்புப் பரப்புக்கு மட்டும் 60, 40, 40, 100. பிளேட்டுக்கு அனுப்பும் முன் அக்ரோபேட் புரோவின் அவுட்புட் பிரிவ்யூவில் கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். பஞ்சாங்க வரி மொத்தமும் மறைய வேண்டும். ஒரு நிழல் மிஞ்சினாலும் ஃபைல் டேபிளுக்கே திரும்பட்டும்.