சீப்பு மட்டை: மூன்றாவது தலை உடையவில்லை

நான் செய்துவரும் சீப்பு வடிவ கோல்ஃப் மட்டையின் மூன்றாவது இரும்புத் தலை உடையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அரியமான் கடற்கரையில் நாற்பது தடவை அடித்தேன். ஆறு பல்லும் ஆறாகவே வீடு திரும்பின. இதற்கு முன் இரண்டு தலைகளைப் பழைய இரும்புக் கடைக்கே திருப்பி எடைக்குப் போட்டவனுக்கு இது சின்னச் செய்தி இல்லை. பந்து எவ்வளவு தூரம் போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

1900களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் ஊரைச் சேர்ந்த பிரவுன் செய்த கோல்ஃப் மட்டைதான் எனக்கு மூலம். இரும்புத் தலையின் கீழ்ப்பக்கம் சீப்புபோலப் பற்கள். மணலும் தண்ணீரும் இடுக்கு வழியே கழன்றுவிடும், பந்து மட்டும் மேலே வரும் என்பது கணக்கு. இன்றைய விதிகளில் இதற்கு இடமே கிடையாது. விதிக்குப் பயந்தவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

லாரிப் பட்டை ஸ்பிரிங், 8 மில்லிமீட்டர் கனம். சிவக்கக் காய்ச்சி, இரவு முழுவதும் சாம்பலில் புதைத்து வைத்து, இளகிய பிறகு கிரைண்டரில் இடுக்கு வெட்டினேன். முதல் தலையில் நான்கு பல், இடுக்கு 12 மில்லிமீட்டர். பந்தின் குறுக்களவு 42.67, விழுந்துவிடாது என்று இருந்துவிட்டேன். விழவில்லைதான். ஆனால் இரண்டு பல்லுக்கு நடுவில் பட்ட ஒவ்வோர் அடியும் பற்களை விலக்கியது, பந்தின் தோலையும் கிழித்தது. இப்போது ஆறு பல், 7 மில்லிமீட்டர் இடுக்கு.

அளவு சரியானது, இரும்பின் பதம் (வளையாமலும் தெறிக்காமலும் நிற்கும் தன்மை) சரியாகவில்லை. என் மூன்று மாதமும் அதில்தான் போனது.

தோய்ச்சல் போடுவது பெரிய வேலை இல்லை. காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவந்ததும் எண்ணெயில் இறக்கினால் முடிந்தது. (விசைப்படகிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயில், புகையில் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.) அதன் பிறகு, விறைத்த இரும்பு தெறிக்காமலிருக்க மறுபடி மெல்லச் சூடேற்றி இளக்க வேண்டும். பளபளவென்று தேய்த்த இரும்பில் முதலில் வைக்கோல் நிறம் வரும், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். ஸ்பிரிங் குணம் வேண்டுமென்றால் நீலத்தில் நிறுத்த வேண்டும். கிட்டத்தட்ட 300 டிகிரி. அரிவாள் என்றால் ஒரு விளிம்பைப் பார்த்தால் போதும். சீப்பில் பல் மெல்லியது, முதுகு தடிமன். உலையில் காட்டினால் முதுகு வைக்கோல் நிறத்துக்கு வருவதற்குள் பல்முனை நீலத்தையும் தாண்டிச் சாம்பல் நிறமாகிவிடுகிறது. அப்படிச் செய்த முதல் தலை மூன்றாவது அடியிலேயே கோழிக்கால்போல வளைந்தது. இரண்டாவது தலைக்கு, பழுக்கக் காய்ச்சிய இரும்புக்கட்டிமேல் முதுகை வைத்தேன். நிறம் வேரிலிருந்து முனைக்கு அழகாக நடந்து போனது, பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. முனை மட்டும் விறைப்பாகவே நின்றுவிட்டது. மணலுக்குள் கிடந்த சங்கு ஓட்டில் பட்டு இரண்டு பல் தெறித்தது.

வழி சொன்னவர் திருப்பாச்சேத்தியில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவர். பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கடலை எப்படி வறுக்கிறார்கள், தம்பி?” என்றார். அவ்வளவுதான். இரும்புச் சட்டி நிறைய மணல், உள்ளே புதைந்த தலை, அடியில் சீமைக்கருவேலங்கரி. கடல் மணலை உப்புப் போக நான்கு தண்ணீரில் அலசி, சிப்பித்தூளைச் சலித்து எடுத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறடால் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரத்தில் முதுகும் பல்லும் ஒன்றாக நீலமாயின. மயில் கழுத்து நீலம்! கரியைப் பொறுத்தவரை நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கவலையே இல்லை. முதுகுளத்தூர் பக்கத்துக் கரி நின்று எரிகிறது.

இனி கடற்கரைக் கதை. காய்ந்த மணலில் வீசினால் சீப்பு வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்குகிறது. மணல் இடுக்கு வழியே உண்மையாகவே வழிகிறது. பிரவுன் சொன்னது பொய் இல்லை. ஆனால் பந்து நான்கு தப்படி உருண்டு நின்றுவிடுகிறது. இரவல் வாங்கிய சாதாரண மணல் மட்டை (மணலிலிருந்து பந்தை எடுக்கும் மட்டை) அதே மணல் பள்ளத்திலிருந்து இருபது தப்படி அனுப்புகிறது. பாசி பொறுக்கி வந்த பெரியம்மா ஒருவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, “அதை என்னிடம் கொடு தம்பி, பாசியாவது வாருகிறேன்” என்றார்.

காரணம் எனக்கு அங்கேதான் பிடிபட்டது. பள்ளத்திலிருந்து பந்தைத் தூக்குவது இரும்பு இல்லை, பந்துக்கு அடியில் தள்ளப்படும் மணல்தான். மணலை வழியவிட்டால் தூக்க ஆள் இல்லை. அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜீன் சாரசன் நேர் எதிராகச் செய்தார்: மட்டையின் அடியில் ஈயப்பற்று ஊற்றிக் கனத்த விளிம்பு வைத்தார். அது மணலுக்குள் புதையாமல் சறுக்கியது. 1932இல் அதைக் கொண்டே பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு அதே போட்டியில், இங்கிலாந்தின் ஹாய்லேக் மைதானத்தில், இன்னோர் அமெரிக்க வீரர் பாபி ஜோன்ஸ் கையில் எடுத்தது குழிந்த முகமுள்ள மட்டை. 1931இல் அதைத் தடை செய்துவிட்டார்கள். கரண்டிபோன்ற அந்த மட்டையையும் ஒருநாள் செய்து பார்க்க வேண்டும்.

அதற்கு முன் தண்ணீர் மட்டை, அதாவது தண்ணீரில் கிடக்கும் பந்தை அடிக்கும் மட்டை. முகத்தின் நடுவில் பெரிய ஓட்டை போட்டவை அந்தக் காலத்தில் விற்றன. கச்சான் காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) நாட்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளித்தாலும் வடகடல் (பாக் நீரிணை) குளம்போலக் கிடக்கும். கணுக்கால் தண்ணீரில் நின்று சோதிக்கலாம். மர மட்டை ஆசையும் உண்டு. பழைய மட்டைத் தலைகளைச் செய்யப் பயன்பட்ட பெர்சிமன், நம் கருங்காலியின் பேரினத்தைச் சேர்ந்த மரம். ஆனால் கருங்காலி மாலை மோகம் வந்த பிறகு கைப்பிடி அளவுத் துண்டுக்கே கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டால் கும்பிட்டுவிட்டு வரத் தோன்றுகிறது.

பழைய பந்து வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: தபாலில் மூட்டையாக வரவழைக்காதீர்கள். எனக்கு வந்த ஐம்பதில் பதினெட்டு வெடித்தவை.

சீப்பு மட்டை இன்னும் முடியவில்லை. கல்மூங்கில் கோலைத் தலையின் கழுத்தில் பிடிக்கும் ஆணி ஆடத் தொடங்கியிருக்கிறது. பிடிக்குத் தோல் சுற்றவில்லை; இப்போதைக்கு வலைக்கயிறுதான், உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.