தண்டவாளம் இல்லாத ரயில்ரோடு பள்ளத்தாக்கு

பேரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள ரயில்ரோடு பள்ளத்தாக்கில் இன்று ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. இதன் வழியே போகும் சாலையில் ஈலி என்ற ஊரிலிருந்து டோனோபா என்ற ஊர் வரை சுமார் 270 கி.மீ., நடுவில் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. டேங்க்கை நிரப்பிக்கொண்டுதான் கிளம்பினோம்.

இங்கே பெய்யும் மழை கடலுக்குப் போவதில்லை. சுற்றிலும் மலை. வடிந்து வரும் நீர் பள்ளத்தில் தேங்கி அப்படியே ஆவியாகிவிடும். பனியுகத்தில் ஏரியாக இருந்த இடம் இப்போது வெளுத்த களிமண் தரை. மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, ஷூவெல்லாம் மாவு. சமமாக, ஒரே நிறமாக இருப்பதால் நாசா 1993 முதல் செயற்கைக்கோள் கருவிகளைச் சரிபார்க்க இந்தத் தரையைத்தான் பயன்படுத்துகிறது. அடியில் லித்தியம் எடுக்கவும் ஆள் வந்தார்கள். தோண்டினால் தரையே மாறிவிடும் என்று 2023-ல் சுமார் 23,000 ஏக்கரில் சுரங்கத்துக்குத் தடை போட்டுவிட்டார்கள். எனக்கென்னவோ அது சரியாகத்தான் படுகிறது.

கச்சா எண்ணெய் மட்டும் தப்பவில்லை. நெவாடாவில் வணிக அளவில் முதன்முதலாக எண்ணெய் கிடைத்தது, 1954-ல் இந்தப் பள்ளத்தாக்கின் ஈகிள் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில்தான். அப்புறம் மேயும் மாடுகள். வெந்நீர் ஊற்றுகளில் விரலளவு மீன்கள், இந்தப் பாலைவனத்தில்!