மாசியும் செயப்பாட்டு வினையும்

பாளையங்கோட்டையில் ஆங்கில எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்தவர்கள் நான்கு பேர் சேர்ந்தால், அவர்களில் ஒருவருக்காவது மாலத்தீவில் ஆள் இருக்கும். அக்காவோ, அத்தானோ, கூடப் படித்தவளோ ஏதோ ஒரு தீவில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து அங்கே ஆசிரியர் வேலைக்குப் போவது நெடுநாள் வழக்கம். ஆகவே நான் மாலத்தீவுக்குப் போகிறேன் என்றபோது ஊரில் யாரும் வியக்கவில்லை. சென்னை அலுவலக வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்பதைத்தான் யாராலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன். பெருங்குடியில் ஏசி அலுவலகம், மாதம் பிறந்தால் சம்பளம். வெளிநாட்டு மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்த்து, குறியீட்டு எண் போட்டு, பதில் அனுப்ப வேண்டும். நாள் முழுவதும் ஆங்கிலத்திலேயே வேலை. ஆனால் அதில் ஒரு வாக்கியம்கூட என்னுடையதாக இருந்ததில்லை. பதில்கள் எல்லாம் முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கும். பொருந்துவதைத் தேர்ந்தெடுத்து ஒட்டினால் போதும். பி.எட். பயிற்சியின்போது மேலப்பாளையத்தில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்திருந்தேன். ஒரு பிள்ளை திக்கித் திணறித் தானாக ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் அதன் முகம் மலருமே, அதைப் பார்த்தவர்களுக்கு ஒட்டு வேலையில் மனம் நிலைக்காது. எனக்கும் நிலைக்கவில்லை.

அம்மாவுக்கு அரசுத் தேர்வு எழுதினால் என்ன என்ற ஆதங்கம். சித்தப்பா கல்யாணப் பேச்சை எடுத்தார். ஆச்சி மட்டும்தான் போய் வா என்றாள். தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தவர். கப்பலேறிப் போன மனிதருக்காகக் காத்திருந்தும் பழக்கம், காத்திருந்த வீட்டைக் கட்டிக் காத்தும் பழக்கம் அவளுக்கு.

காகித வேலைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பட்டச் சான்றிதழ்களுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம் வாங்கினேன். பாஸ்போர்ட் அலுவலகத்தில் காவல்துறைச் சான்று. மருத்துவப் பரிசோதனை இங்கே ஒருமுறை, போய் இறங்கியபின் அங்கே ஒருமுறை. முகவரிடம் போகிறவர்கள் ரசீதில்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். என் தோழி ஒருத்தி ஒரு முகவரிடம் கட்டிய பணத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒப்பந்தத்தில் சம்பளத்தை எல்லோரும் பார்ப்பார்கள். விமான டிக்கெட் யார் பொறுப்பு, வீட்டு வாடகை சம்பளத்துக்குள்ளா வெளியிலா, ஆண்டு விடுப்பு எத்தனை நாள், போகப்போகும் தீவிலிருந்து பெரிய மருத்துவமனை எவ்வளவு தூரம் என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நான்காவதை யாரும் கேட்பதில்லை. கடல் கொந்தளிக்கும் இரவில் காய்ச்சல் வந்தால் அந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலே விமானத்தில் சிறிது தூரம்தான். நெல்லையிலிருந்து திருவனந்தபுரம் போய்ச் சேரத்தான் அதைவிட அதிக நேரம் பிடிக்கிறது. மாலேயிலிருந்து தெற்கே உள்நாட்டு விமானம். ஒன்றரை டிகிரிக் கால்வாய் என்று அழைக்கப்படும் அகன்ற கடற்பரப்பைத் தாண்டினால் ஹுவதூ அட்டோல் என்ற பவளத்தீவு வளையம் வருகிறது. பூமத்திய ரேகை அதற்குச் சற்றுத் தெற்கே ஓடுகிறது. அங்கிருந்து படகில் என் தீவு.

வானம் தெளிந்த நாளில் மேற்கே பார்த்தால் மலை தெரியும் ஊரில் வளர்ந்தவள் நான். அங்கே மேடு என்று ஒன்றே கிடையாது. கடல் மட்டத்துக்கு மேல் சராசரியாக ஒன்றரை மீட்டர்தான் நிலம். தெருவெல்லாம் வெள்ளைப் பவள மணல். காலையில் பெண்கள் கூட்டமாக வந்து பெருக்கிவிட்டுப் போகிறார்கள். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த எனக்குப் பெரிய குறை தண்ணீர்தான். கிணற்று நீர் உவர்க்கிறது. குடிப்பதற்குக் கூரையில் விழும் மழைநீரைப் பெரிய தொட்டிகளில் பிடித்து வைக்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையைத் தொடுவதற்கு முன்பே மாலத்தீவுக் கடலுக்கு வந்துவிடும். அங்கே மழை வலுத்ததும் ஊருக்குப் போன் செய்து குற்றாலத்தில் சாரல் விழுந்ததா என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் இன்னும் இல்லை என்பார்கள். எனக்கு முதலில் தெரிந்துவிட்டது என்று ஒரு சந்தோஷம்.

சமையலுக்கு வள்ளியூர்க்கார அக்கா ஒருவர் வழிகாட்டினார். பல ஆண்டுகளாக அங்கே கணக்கு ஆசிரியை. காய்கறி படகில்தான் வர வேண்டும். காற்று எழும்பினால் அதுவும் வராது. ஆனால் தீவில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை, வீட்டுக்கு வீடு முருங்கை நிற்கிறது, கறிவேப்பிலை இருக்கிறது. இவை இருக்கும்போது தேங்காய்ப்பால் குழம்பான நம்மூர்ச் சொதி வைக்க என்ன தடை என்று அக்கா கேட்டார். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் கடையில் கிடைத்தன. முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று முறையாக எடுத்து, எலுமிச்சை பிழிந்து, இஞ்சித் துவையலும் அரைத்துச் சாப்பிட்டோம். நாகர்கோவில்காரர் ஒருவரும் கோட்டயத்துக்காரர் ஒருவரும் அன்று எங்களுடன் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை விடுமுறையில் கூடிச் சமைப்பது நிலைத்துவிட்டது. அங்கே பள்ளி வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வியாழனோடு முடிகிறது. ஞாயிறு காலை வேலைக்குக் கிளம்ப உடம்பு பழகுவதற்குச் சில மாதங்கள் ஆயின.

இனி வகுப்பறை. நான் அங்கே போனதே அதற்காகத்தான்.

மாலத்தீவில் அந்நாட்டு மொழியான திவெஹி, இஸ்லாம் ஆகிய பாடங்களைத் தவிர மற்றவை எல்லாம் ஆங்கில வழியில் நடக்கின்றன. கணக்கும் அறிவியலும்கூட ஆங்கிலத்தில்தான். பள்ளி இறுதியில் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுகிறார்கள். ஆகவே ஆங்கிலத்தில் தடுமாறுகிற பிள்ளை எல்லாப் பாடத்திலும் தடுமாறுகிறது. என் ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையன் அப்படி இருந்தான். வாய் திறக்க மாட்டான். அவன் அப்பா சூரை மீன் பிடிக்கிற படகில் போகிறவர்.

செயப்பாட்டு வினை நடத்த வேண்டிய வாரம் அது. பாடநூலில் தொழிற்சாலை ஒன்றில் பொருள் தயாராகும் முறை எடுத்துக்காட்டாக இருந்தது. என் பிள்ளைகளில் தொழிற்சாலையைக் கண்டவர்கள் அநேகமாக யாரும் இல்லை. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, சூரை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். வகுப்பே கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. பையன் எழுந்தான். கையால்தான் முதலில் சொன்னான், பிறகு திவெஹியில், பிறகு துண்டு துண்டான ஆங்கிலத்தில்.

மாலத்தீவில் சூரையைத் தூண்டில் கம்பால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். முதலில் பவளப்பாறை ஓரத்தில் சின்ன மீன்களை வலை போட்டுப் பிடித்து, படகின் அடியில் கடல்நீர் ஓடும் அறையில் உயிரோடு வைத்துக்கொள்கிறார்கள். பறவைக் கூட்டம் வட்டமிடும் இடத்தைத் தேடிப் போகிறார்கள். அங்கே சூரைக் கூட்டம் இருக்கும். சின்ன மீன்களை அள்ளி வீசுகிறார்கள். படகின் பின்புறத்திலிருந்து கடல்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். இரை துள்ளுவதாக நினைத்துச் சூரை மேலே வருகிறது. வரிசையாக நிற்பவர்கள் கம்பைச் சுண்டி இழுத்ததும் மீன் தலைக்கு மேல் பறந்து வந்து படகுத் தளத்தில் விழுகிறது. தூண்டில் முள்ளில் எதிர்முள் கிடையாது. அதனால் தானாகவே கழன்றுகொள்ளும்.

அவன் ஒவ்வொன்றுக்கும் என் அப்பா, என் மாமா, படகோட்டி என்று ஆள் பெயரை முன்னால் வைத்துச் சொன்னான். நான் கரும்பலகையில் அந்தப் பெயர்களை அழித்தேன். யார் வீசுகிறார் என்பது இப்போது வேண்டாம், என்ன வீசப்படுகிறது என்பதை முதலில் வை என்றேன். சற்று நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பெயிட் இஸ் த்ரோன்" என்றான். "வாட்டர் இஸ் ஸ்ப்ரேய்ட்." மூன்றாவது வாக்கியத்தை வகுப்பு முழுவதும் அவனுடன் சேர்ந்து சொன்னது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அவன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். சூரையை நீளவாக்கில் வகிர்ந்து, உப்பு நீரில் அவித்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்த துண்டு. கருஞ்சிவப்பு நிறம், இடித்தால்தான் உடையும் கடினம். பிரித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு மாசி! தாத்தா கொழும்பிலிருந்து வரும்போதெல்லாம் கொண்டுவந்ததாக ஆச்சி சொல்லும் மாசி. சிறுவயதில் தூத்துக்குடிக் கடையிலிருந்து வாங்கி வந்து உரலில் இடித்துச் சம்பல் செய்து தருவாள். இலங்கைக்கு மாலத்தீவுதான் காலங்காலமாக மாசி அனுப்பி வந்திருக்கிறது. நாங்கள் அதை எப்படிச் சாப்பிடுவோம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை என்று அடுக்கிக்கொண்டே வந்தபோது அவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர்களும் அவற்றையேதான் மீனோடு பிசைந்து காலையில் ரொட்டியுடன் சாப்பிடுகிறார்கள். அன்றைய வீட்டுப்பாடம் மாசி தயாரிக்கும் முறை, பத்து வாக்கியம், அத்தனையும் செயப்பாட்டு வினையில். கடைசி பெஞ்சுப் பையன் பதினான்கு எழுதியிருந்தான்.

நான் சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலத்தில் 'எ' எங்கே, 'தி' எங்கே என்று தெரியாமல் அழுதிருக்கிறேன். வினையை வாக்கியத்தின் கடைசியில் வைக்கும் பழக்கத்தை விட எனக்கு ஆண்டுகள் ஆயின. திவெஹியிலும் வினை கடைசியில்தான் வருகிறது. ஆகவே என் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள் என்பது அவர்கள் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரிகிறது. பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசியவர்களுக்கு இது தெரிய வழியில்லை, ஏனென்றால் அவர்கள் அந்த இடத்தில் விழுந்ததே இல்லை. வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க வெள்ளைக்காரத் தொனி வேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஒதுங்கிப்போவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. கால்டுவெல் 1841-இல் இடையன்குடிக்கு வந்தபோது தமிழ் அவர் வளர்ந்த பிறகு கற்ற மொழிதான். 1856-இல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் தந்தார். சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி.யு. போப்புக்கும் தமிழ் தாய்மொழி இல்லை. வளர்ந்த பிறகு பாடுபட்டுக் கற்ற மொழியில் ஒருவர் எவ்வளவு ஆழம் போக முடியும் என்பதை நெல்லைச் சீமையைப்போல் நன்றாக அறிந்த ஊர் எது? நம் பிள்ளைகளுக்கு அந்தத் துணிவு வர வேண்டும்.

கஷ்டங்களையும் சொல்லத்தான் வேண்டும். சம்பளம் ருஃபியாவில் வருகிறது. அதிகாரபூர்வ விலை டாலருக்கு 15.42 ருஃபியா, ஆனால் ஊருக்கு அனுப்ப வங்கியில் கிடைக்கும் டாலருக்கு வரம்பு உண்டு, அந்த வரம்பும் மாறிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கடன் தவணையை இந்தச் சம்பளத்தை நம்பிக் கட்ட நினைப்பவர்கள், அங்கே ஏற்கெனவே இருப்பவர்களிடம் இன்றைய நிலையை விசாரித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். வழிபாட்டுச் சிலைகள் கொண்டுபோக அனுமதி இல்லை. அது அந்த நாட்டுச் சட்டம். மதித்து நடப்பதுதான் முறை. ஆனாலும் பங்குனி உத்திரத்தன்று எங்கள் குடும்பம் முழுவதும் சாஸ்தா கோயிலில் பொங்கலிட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் தீவில் இருப்பது ஒவ்வோர் ஆண்டும் வலிக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கொடியது 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டு நெல்லை ஜங்ஷன் பக்கமெல்லாம் வெள்ளம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அம்மாவின் போன் எடுக்கப்படவில்லை. அன்றிரவு பக்கத்து வீட்டு அம்மா எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்தார். எனக்கு அப்போது திவெஹி சரியாக வராது, அவருக்கு ஆங்கிலம் வராது. சோறும் மீன் ரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, போன் கிடைக்கும் வரை போகவில்லை. அடுத்த மாதமே இரு நாடுகளுக்கும் இடையே சமூக ஊடகங்களில் கசப்பான பேச்சுகள் எழுந்தன. பத்திரமாக இருக்கிறாயா என்று ஊரிலிருந்து ஓயாமல் கேட்டார்கள். நான் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன்.

ஒப்பந்தத்தை இப்போது புதுப்பித்திருக்கிறேன். விடுப்பு முடிந்து போனதும் நேர்கூற்று, அயற்கூற்று நடத்த வேண்டும். மாலையில் துறைமுகத்தில் படகுக்காரர்கள் ரேடியோவில் திவெஹியில் பேசிக்கொள்வதைப் பிள்ளைகள் கேட்டு, யார் என்ன சொன்னார் என்று ஆங்கில அயற்கூற்றில் எழுதி வரலாம் என்று நினைக்கிறேன். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். கடைசி பெஞ்சுப் பையனின் அப்பா தன் படகிலேயே உட்காரவைத்துக் கேட்கச் செய்வதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.