தீப்பெட்டிக்குள் பெரியம்மாவின் பூச்சி

மும்பை மாட்டுங்கா பெரியம்மா, தோலுக்கடியில் பூச்சி ஊருதுன்னு எட்டு மாசமா தூங்கல. வீட்டுக்கு மூணு தடவை மருந்தடிச்சாச்சு. மெத்தையையும் தூக்கிப் போட்டாச்சு (பாவம், பெரியப்பா பாயில் படுக்கிறார்).

தோல் டாக்டரிடம், பிடிச்ச ‘பூச்சி’யைப் போட்டு வச்ச தீப்பெட்டியை நீட்டினாங்க. மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது நூலும் தோல் செதிலும்தான். இப்படிப் பெட்டியில் கொண்டுவருவதே, இல்லாத பூச்சி உடம்பில் இருக்குன்னு உறுதியா நம்பும் மனநோய்க்கு ஓர் அடையாளமாம். 1938-லேயே எக்போம் என்ற ஸ்வீடன் நரம்பியல் மருத்துவர் இந்த நோயை விவரித்திருக்கிறார். சிரங்கு, சர்க்கரை, தைராய்டு, பி12 குறைபாடு எதுவும் இல்லைன்னு முதலில் உறுதிசெய்தார்கள்.

தப்பு செய்தது நான்தான். "பூச்சியே இல்ல பெரியம்மா"ன்னு தினமும் மல்லுக்கட்டினேன். டாக்டர் மறுக்கவுமில்லை, ஆமாம் போடவுமில்லை. "அரிப்பு நிஜம்தாம்மா, தூக்கம் போனதும் நிஜம்" என்றார். மனநல மருத்துவரிடம் கலந்து, ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்து கொடுத்தார், குறைந்த அளவில்.

ஏழாவது வாரம் தீப்பெட்டியில் தீக்குச்சி இருந்தது.