அலையாத்திக் காட்டுக்குப் பிள்ளைகளை இரண்டு முறை கூட்டிப் போன கதை

ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். பக்கத்துக் கழிமுகத்தில் சூழல் சுற்றுலாப் படகு விடுகிறார்கள், ஓதமும் (கடல்நீர் ஏறி இறங்குவது) வண்டலும் கண்ணெதிரே இருக்கும்போது கரும்பலகையில் எதற்கு வரைய வேண்டும் என்று போன வருடம் கூட்டிப் போனேன். சொதப்பல். நாங்கள் போன நேரம் நீர் நன்றாக ஏறியிருந்தது, சேற்றுக்கு மேலே நீட்டி நின்று மரம் மூச்சுவிட உதவும் மூச்சுவேர் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நான் கொடுத்த 30 கேள்விகளுக்கும் அங்கிருந்த தகவல் பலகையைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இந்த வருடம் ஓத அட்டவணையைப் பார்த்த பிறகுதான் தேதியே குறித்தேன். அங்கே நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு 6 மணி நேரத்துக்குச் சற்று மேல், மறுநாள் எல்லாம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டிய நாள் என்றால் நீர் நன்றாக ஏறி நன்றாக வற்றும், அதனால் காலை எட்டு மணிவாக்கில் உச்ச ஏற்றம் வருகிற ஒரு நாளைப் பிடித்தேன். அனுமதிக் கடிதம் அனுப்பிப் பதிலே இல்லை, நேரில் போய் பெயர்ப் பட்டியலையும் பெற்றோர் ஒப்புதலையும் கையில் கொடுத்ததும் அன்றே முடிந்தது.

கேள்வித்தாள் கிடையாது. படகுத்துறை ஓரம் செ.மீ. குறித்த ஒரு கம்பு நட்டோம், அரை மணிக்கு ஒரு தடவை அளவு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் அரை மணியில் 2 செ.மீ. கூட இறங்கவில்லை, பையன்களுக்குச் சலிப்பு. அப்புறம் பதினொரு மணிவாக்கில் ஒரே அரை மணியில் 12 செ.மீ. இறங்கியதும் கம்பைச் சுற்றி ஒரே கூட்டம்! மதியம் மறுபடி மெதுவாகி நின்றது. நீர் ஒரே சீராக இறங்காது, தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் இறங்கும் என்று நான் சொல்லவே இல்லை, அவர்கள் வரைந்த கோடு வளைந்ததைப் பார்த்து அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடித்தார்கள்.

நீர் வற்றியதும் சேறெங்கும் பென்சில் நட்ட மாதிரி மூச்சுவேர்கள். காற்றுப் புகாத சேற்றில் வேர் ஏன் மேல்நோக்கி வளர்கிறது என்று விளக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. வழிகாட்டியிடம் மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், மனப்பாடமாக ஒப்பிக்காமல் பிள்ளைகள் கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள் என்று. எங்களோடு வந்தவர் முதலில் முறைத்தார், பிறகு அவரே கம்பைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை ஓடையின் உள்பக்கம் இன்னொரு கம்பு நட வேண்டுமாம், அங்கே எவ்வளவு பிந்தி வற்றுகிறது என்று பார்க்க. ஒரு பையன் இப்போதே தேதி கேட்டு நச்சரிக்கிறான்.